ஒன்பதாவது கேள்வி: சமூகப்பணி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சமூகப்பணி ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். வருமானம் குறைந்த குடும்பங்கள், வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் என்று எங்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் நீங்கள். நான் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள். இப்போது மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். உங்களைப் போன்றவர்களோடு வீடு வீடாகப் போய், நீங்கள் கேட்பதைத் தமிழில் சொல்லி, அவர்கள் சொல்வதை உங்கள் மொழியில் சொல்வது என் வேலை. கேள்விக்குப் பதில் சொல்கிற பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், கேள்வி கேட்கிற பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

எனக்கு அப்போது 11 வயது. ஓர் ஆய்வுக்காக எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். அன்பானவர்தான், குரலை உயர்த்தாமல் பேசினார். அட்டையில் செருகிய கேள்வித்தாளும் பேனாவும் வைத்திருந்தார். அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் எனக்குச் சுலபமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் தாளைத் திருப்பினார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவது கேள்வியில் நான் நின்றுவிட்டேன். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றோ எத்தனை நாள் தோன்றியது என்று அம்மாவிடம் கேட்க வேண்டும்.

அம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னடி கேக்குறாங்க?" என்றார்.

நான், "உனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கான்னு கேக்குறாங்கம்மா" என்றேன்.

"பிடிக்காம என்ன. இருக்கோம்ல."

அந்தப் பெண்ணிடம் திரும்பி, "ஒருநாளும் இல்லையாம்" என்று சொன்னேன். அவர் முதல் கட்டத்தில் குறியிட்டார். பூஜ்ஜியம்.

அந்தக் கேள்வித்தாளின் பெயர் பி.எச்.க்யூ-9 என்பது வளர்ந்து இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பயன்படுகிற தாள். 2001இல் வெளியானது. 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. எங்கள் வீட்டுத் தாளின் கடைசிக் கேள்விக்கு விழுந்த பூஜ்ஜியம் எந்த அட்டவணைக்குள் போனது, எந்தச் சராசரியில் கலந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் போட்டவள் 11 வயதுப் பெண் என்பது மட்டும் தெரியும்.

பல வருடம் கழித்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீ சரியாக் கேட்டிருந்தாலும் நான் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். உன்கிட்ட எப்படிடி சொல்றது?" என்றார்.

இதைக் கேட்ட நாளிலிருந்துதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை என் மொழிபெயர்ப்புதான் தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தாலும் அந்தப் பதில் பொய்யாகத்தான் இருந்திருக்கும். பெற்ற பிள்ளையின் வாயால் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு தாய் சொல்லும் பதில் அந்தப் பிள்ளைக்காகச் சொல்லும் பதில். அது உங்களுக்கான பதில் ஆகாது.

பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பதைப் பற்றி 1990களிலிருந்தே நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சில பிள்ளைகளுக்கு அது பெருமை, பெற்றோரோடு நெருக்கம். சில பிள்ளைகளுக்குச் சுமை. இரண்டும் உண்மை என்று என் அனுபவமும் சொல்கிறது. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டியபோது நான் பெரிய மனுஷி. ஒன்பதாவது கேள்வியில் நான் சின்னப்பிள்ளை. எதை மொழிபெயர்க்கச் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் 2016இல் வந்த ஒரு விதி, அரசு நிதி பெறும் மருத்துவமனைகளும் மருத்துவத் திட்டங்களும் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக்கூடாது என்றது. உயிருக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து இருக்கும் அவசரத்தில் மட்டும் விலக்கு. மருத்துவர் அறைக்கு இந்த விதி தேவை என்றால், வீட்டுக்குள் வந்து அதே கேள்வியைக் கேட்கும் ஆய்வுக்கும் தேவைதானே? உங்கள் ஆய்வு நெறிமுறையில் இதை முதல் வரியாக எழுதுங்கள் என்று கேட்கிறேன். மொழிபெயர்ப்பாளருக்கான செலவை நிதி விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். கடைசியில் பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் செலவாக அது இருக்கக்கூடாது.

சரி, வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வார்த்தை இடிக்கிறது. தமிழில் 'மனச்சோர்வு' என்று அச்சடித்த தாளை நான் எத்தனையோ பேரிடம் வாசித்திருக்கிறேன். தலையாட்டுவார்கள். அது புத்தகத்துச் சொல். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "மனசே சரியில்லை" என்பார்கள். "ஒன்னும் ஓடலை" என்பார்கள். "நெஞ்சுல ஏதோ பாரமா இருக்கு" என்பார்கள். நான் அதிகம் கேட்டது, "ரொம்ப யோசனையா இருக்கு" என்பதுதான். ராத்திரி படுத்தால் யோசனை, பாத்திரம் கழுவும்போது யோசனை. அதற்கு உங்கள் தாளில் கட்டம் இல்லை. பதில்களும் அப்படித்தான். 'சில நாட்கள்', 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்', 'கிட்டத்தட்ட எல்லா நாளும்' என்று இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர், "அப்பப்போ வரும், போகும்" என்பார். நான் உங்களைப் பார்ப்பேன், நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். 'சில நாட்கள்' கட்டத்தில் குறி விழும்.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுகிறவர்களிடமும் இதே சொல் இருக்கிறது. 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அங்கே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரத்தின் ம்பாரே பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவ நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு போட்டார்கள். வருகிறவர்களிடம் அவர்கள் மொழியிலேயே உருவான 14 கேள்விகள் கொண்ட தாளை வைத்துக் கேட்டார்கள், உட்கார்ந்து பேசினார்கள், எந்தப் பிரச்சினையை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்தார்கள். இதை முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். 24 மருத்துவ நிலையங்கள், 573 பேர். 6 மாதம் கழித்து அளந்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட பாட்டிமார்களிடம் பேசியவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. 2016இல் அந்த முடிவு வெளியானது. முதலில் அவர்கள் செய்தது, மக்கள் தங்கள் கஷ்டத்தை என்ன சொல்லிச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டதுதான். குடியேறிய குடும்பங்களிடம் போகும்போது நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம். மொழிபெயர்ப்பாளரைத் தாள் அச்சான பிறகு கூப்பிடாதீர்கள், தாள் எழுதும்போதே கூப்பிடுங்கள். அந்த மொழி பேசும் நாலு அம்மாக்களையும் கூட உட்கார வையுங்கள்.

அப்புறம் பயம். உங்களுக்கு மிகச் சாதாரணமாகத் தெரியும் கேள்விகளில்தான் எங்களுக்குப் பயம் அதிகம். "வீட்டில் எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் ஒரு தகப்பன் மனக்கணக்குப் போடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்ன எண் ஒன்று, உண்மையான எண் ஒன்று. போன வாரம் வந்து சேர்ந்த மைத்துனரைச் சொல்வதா வேண்டாமா? அவருக்குக் குடியிருப்பு அனுமதிக் காகிதம் சரியாக இருக்கிறதா? இந்தப் பெண்மணி எழுதுவது யார் கைக்குப் போகும்? இரண்டு விநாடிக்குள் இத்தனையும் அவர் தலையில் ஓடும். பிறகு ஓர் எண் சொல்வார். அதை நான் மொழிபெயர்ப்பேன்.

இந்தப் பயம் கற்பனையான பயம் கிடையாது. அமெரிக்காவில் 2018இல், அரசு உதவி வாங்கும் குடியேறிகளுக்கு நிரந்தர வசிப்புரிமை மறுக்கப்படுவதை விரிவாக்கும் ஒரு விதி முன்மொழியப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2020 பிப்ரவரியில்தான், 2021 மார்ச்சில் அது முடிவுக்கும் வந்தது. ஆனால் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2018 முடியும்போதே கேட்டுப் பார்த்ததில், குடியேறிய குடும்பங்களில் வாழும் பெரியவர்களில் 7 பேரில் ஒருவர், தானோ குடும்பத்தில் ஒருவரோ உதவித் திட்டத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். உணவு உதவி, மருத்துவ உதவி, வீட்டு உதவி. விதி நடைமுறைக்கு வரும் முன்பே இப்படி. அந்த விதி தொடாதவர்களும் விலகினார்கள். அந்த நாட்டிலேயே பிறந்து குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியதும் சேர்ந்து போனது. 'இந்தக் குடும்பங்கள் சேவைகளைப் பயன்படுத்துவதில்லை' என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரி வரும்போது, அந்த வரிக்குப் பின்னால் இது இருக்கிறது.

கையெழுத்துக்கும் இதே கதைதான். பல பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டி, கடைசியில் பெயரெழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். உங்களுக்கு அது பங்கேற்பவரின் உரிமையைக் காக்கும் ஆவணம். காகிதம் இல்லாத ஒருவருக்கு அது தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஆவணம். இதற்கு வழி உங்கள் விதிகளிலேயே இருக்கிறது. அமெரிக்க ஆய்வு நெறிமுறை விதிகளின்படி, பங்கேற்பவரை ஆய்வோடு இணைக்கும் ஒரே ஆதாரம் அந்தக் கையெழுத்துதான் என்றால், அது வெளியே கசிவதே பெரிய ஆபத்து என்றால், கையெழுத்து இல்லாமல் வாய்மொழி ஒப்புதலை நெறிமுறைக் குழு அனுமதிக்கலாம். அங்கே தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு, அடையாளம் தெரியும் தகவலை நீதிமன்றத்தில்கூட வெளியிட வேண்டியதில்லை என்ற ரகசியக் காப்புச் சான்றிதழ் 2017 முதல் தானாகவே கிடைக்கிறது. நான் உடன்போன வீடுகளில் இதை யாரும் வாய்விட்டு விளக்கிக் கேட்டதே இல்லை. படிவத்தின் நடுவில் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். அதை முதலில் சொல்லுங்கள். பேனாவை அப்புறம் எடுங்கள்.

குடும்பங்களுக்கு எது உதவுகிறது என்பதில் உங்கள் துறைக்குத் தெரிந்தது நிறைய. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அமெரிக்காவில் வட கரோலினாவின் மேற்குப் பகுதியில் 1993இல் 1,420 பிள்ளைகளின் மனநலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. அவர்களில் கால்வாசிப் பேர் செரோகி பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது, அந்தப் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு கேசினோ, அதாவது சூதாட்ட விடுதி, திறந்தது. லாபத்தில் ஒரு பங்கு ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை வந்தது. எந்த நிபந்தனையும் இல்லை. ஆய்வாளர்கள் திட்டமிடாமலேயே ஒரு சோதனை அமைந்துவிட்டது. வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், சண்டை, எதிர்த்து நிற்பது போன்ற நடத்தைப் பிரச்சினைகள், என்றுமே வறுமையில் இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. கவலை, மனச்சோர்வு இரண்டும் அப்படி இறங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நடத்தைப் பிரச்சினைகள் ஏன் இறங்கின என்று தேடியபோது முக்கியக் காரணமாகத் தெரிந்தது, பெற்றோர் பிள்ளைகளை நன்றாகக் கவனித்துக்கொள்ள முடிந்ததுதான். 2003இல் இது வெளியானது. இரண்டு வேலை பார்த்த என் அம்மாவிடம் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். உங்கள் பட்டியலில் 'பெற்றோர் வளர்ப்புப் பயிற்சி' என்று ஒரு சேவை இருக்கும். அந்தப் பயிற்சி வகுப்புக்குப் போக அவருக்கு நேரம் இருந்திருந்தால், அந்த நேரத்தில் எங்களோடு இருந்திருப்பார்.

நேரம் மட்டுமல்ல, மண்டையில் இடமும் வேண்டும். தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன் கையில் காசு இல்லாத நாளிலும், அறுவடை முடிந்து காசு வந்த நாளிலும் அதே விவசாயிகளுக்கு அதே மாதிரிச் சோதனைகளை வைத்தார்கள். காசு இல்லாத நாளில் அவர்கள் சிந்தனைத் திறன் குறைவாக வந்தது. ஆள் அதே ஆள்தான். அடுத்த தவணையை எப்படிச் சமாளிப்பது என்ற யோசனையே மண்டையை அடைத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சமூகப்பணியாளர்கள் எழுதும் வழக்குக் கோப்புகளில் பார்த்த ஒரு குறிப்புதான் நினைவுக்கு வந்தது. 'தாய் சந்திப்புக்கு வரவில்லை. ஒத்துழைப்பு இல்லை.' அப்படி எழுதப்பட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். அன்று அவருக்கு வேலை நேரம் கடைசி நிமிடத்தில் மாற்றப்பட்டது, கைபேசியில் காசு இல்லை, சந்திப்புக் கடிதம் அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. கோப்புகளையே தரவாக எடுத்து ஆய்வு செய்கிறவர்களே, அந்த 'ஒத்துழைப்பு இல்லை' என்ற சொல்லை எண்ணாக மாற்றுவதற்கு முன் தயவுசெய்து ஒரு தரம் நின்று பாருங்கள்.

பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 4 இடங்களில், 2018, 2019இல் குழந்தை பெற்ற 1,000 ஏழைத் தாய்மார்களை எடுத்து, சிலருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு 4 வயது ஆனபோது மொழி, நடத்தை, மூளைச் செயல்பாடு இவற்றில் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. பலருக்கு ஏமாற்றம். அதை மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. நடுவில் பெருந்தொற்று வந்தது, பெரும்பாலானோருக்கு அரசு பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் பிள்ளையின் மூளையில் மாற்றம் தெரிந்தால்தான் தாய்க்குக் காசு கொடுக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வாடகை கட்ட முடிந்தது என்பதே ஒரு பலன்தான்.

காசு வேலை செய்தபோதும் எங்களில் சிலர் அந்தக் கணக்கில் இல்லை. 2021இல் அமெரிக்கா குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் கையில் கொடுத்தது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவீட்டின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டம் நின்றது. 2022இல் 12.4 சதவீதம். ஏறி இறங்கிய அந்தக் கோட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள், நல்லது. அமெரிக்க அரசு கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பணம் கிடையாது என்பதை அடிக்குறிப்பில் போட்டீர்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு எண் இல்லை, தங்கைக்கு உண்டு என்று இருக்கும். அந்த வீட்டில் அடிக்குறிப்பு அண்ணன்தான்.

இங்கே என் கட்சிக்கு எதிராகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். குடும்பம் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டால் போதும் என்று நான் வாதாடவில்லை. 1939இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் சிறுவர்களோடு ஒரு சோதனை தொடங்கியது. பாதிப் பேருக்கு ஆலோசகர்கள் மாதம் இரண்டு முறை போல வீட்டுக்கு வந்தார்கள், பாடத்தில் உதவி, மருத்துவ உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தது. சராசரியாக ஐந்தரை ஆண்டுகள். மற்ற பாதிக்கு எதுவும் இல்லை. 30 ஆண்டுக்கு மேல் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்று சொன்னார்கள். ஆனால் ஆவணங்களைப் பார்த்தால், உதவி பெற்றவர்கள்தான் மது அடிமைத்தனம், மறுபடி மறுபடி குற்றம், சீக்கிரம் சாவு ஆகியவற்றில் மோசமாக இருந்தார்கள். 1978இல் இதை அவர் வெளியிட்டார். கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் போனவர்களிடம்தான் கேடு அதிகம் என்று பிறகு தெரிந்தது. இளைஞர்களை ஒன்றாகக் கூட்டி 'ஆபத்தில் உள்ளவர்கள்' என்று பெயர் வைத்து நடத்தும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. 'திருப்தியா?' என்று கடைசி நாளில் ஒரு தாள் கொடுத்து, 'ரொம்ப திருப்தி' என்று வாங்கிக்கொண்டு போவது ஆய்வாகாது. எங்கள் வீடுகளில் வந்தவரை மனம் நோகப் பேசமாட்டார்கள். திருப்தி என்றுதான் சொல்வார்கள்.

அதனால் கேட்கிறேன்: இன்னும் கொஞ்ச காலம் கூட இருங்கள். ராபர்ட்டோ கொன்சாலஸ் என்ற ஆய்வாளர் லாஸ் ஏஞ்சல்ஸில் காகிதம் இல்லாத 150 இளைஞர்களோடு 12 ஆண்டுகள் தொடர்பில் இருந்தார். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் அவர்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. அங்கே மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். ஓட்டுநர் உரிமம், முதல் வேலை, கல்லூரி உதவித்தொகை என்று வரும் வயதில்தான் ஒவ்வொரு கதவாக மூடியது. ஆறு மாத ஆய்வில் இது தெரியவே தெரியாது. 15 வயதில் பார்த்தவர் 'நன்றாகப் பொருந்திவிட்டார்' என்று எழுதியிருப்பார்.

உங்கள் துறையின் தொடக்கமே கூட இருப்பதில்தான் இருந்தது. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் குடியேறிகள் நெருக்கி வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கி அங்கேயே குடியிருந்தார்கள். அங்கே தங்கியிருந்த ஃப்ளோரன்ஸ் கெல்லி வீடு வீடாகப் போய், வீட்டுக்குள்ளேயே பிள்ளைகள் துணி தைத்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தார். 1893இல் இல்லினாய்ஸில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்கு வைக்கத் தடை, பெண்களுக்கு 8 மணி நேர வேலை. கெல்லியே தலைமை ஆய்வாளர் ஆனார். 8 மணி நேர விதியை 1895இல் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மைதான். அதே ஆண்டில்தான் எந்தக் கட்டடத்தில் எந்த நாட்டவர், வாரக்கூலி எவ்வளவு என்று நிறம் தீட்டிய வரைபடங்களோடு அவர்கள் ஆய்வு புத்தகமாக வந்தது. கேள்வி கேட்டவர் மறுநாள் காலையும் அதே தெருவில்தான் இருந்தார். அந்தக் கேள்வி என்ன ஆயிற்று என்று யாரும் அவரை நிறுத்திக் கேட்க முடிந்தது.

எங்களால் அப்படிக் கேட்க முடிவதில்லை. நான் உடன்போன எத்தனையோ வீடுகளில், கிளம்பும்போது வாசலில் நின்று, "இதுக்கப்புறம் என்ன ஆகும்மா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. அந்த ஆய்வு முடிந்ததா, என்ன கண்டுபிடித்தார்கள், எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று எதுவும் திரும்பி வருவதில்லை. வந்தாலும் கட்டணம் கட்டிப் படிக்கும் இதழில், எங்களுக்குப் புரியாத மொழியில் இருக்கிறது. ஈவ் டக் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதிய ஒரு திறந்த மடல், தங்கள் உடைசலையும் இழப்பையும் மட்டுமே பதிவு செய்யும் ஆய்வுகளுக்குச் சமூகங்கள் கொஞ்ச காலம் கதவைச் சாத்த வேண்டும் என்றது. அதைப் படித்தபோது எனக்குப் பாதி சம்மதம், பாதி பயம். கதவைச் சாத்திவிட்டால் அடுத்த சட்டம் எழுதும்போது எங்கள் வீடு யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும். நான் சாத்தச் சொல்லவில்லை. உள்ளே வந்தவர் திரும்பவும் ஒருமுறை வரவேண்டும் என்கிறேன்.

வரும்போது எங்களிடம் இல்லாததை மட்டும் எண்ணிக்கொண்டு போகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோலும் அவர் கூட்டாளிகளும் அரிசோனாவின் டூசான் நகரத்தில் பள்ளி ஆசிரியர்களையே மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் வீடுகளுக்குக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். 1992இல் அதைப் பற்றி எழுதினார்கள். கட்டட வேலை, பயிர், வியாபாரம், மருந்து என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைப் பார்த்து ஆசிரியர்கள் பாடத்தையே மாற்றி அமைத்தார்கள். என் அப்பாவுக்கு மூன்று நாட்டு மின்சார இணைப்புமுறை தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த எந்தத் தாளிலும் அதைக் கேட்கும் கட்டம் இருந்ததில்லை. 'படிப்பு: எட்டாம் வகுப்பு' என்று முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் அலமாரியில் முடிந்துபோன ஆய்வு ஒன்றாவது இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, என்ன கேட்டோம், என்ன தெரிந்தது, அதை யாரிடம் கொடுத்தோம், இன்னும் என்ன நடக்கவில்லை என்று ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். உங்களிடம் பேசிய அம்மாவுக்கு எழுதுவது போல எழுதுங்கள். தமிழ் பேசும் வீடுகளுக்கானது என்றால் என்னிடம் அனுப்புங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருகிறேன். வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் படித்துக்காட்டவும் வருகிறேன். மற்ற மொழிகளுக்கும் என்னைப் போல நாலு பேரை எனக்குத் தெரியும்.

முதல் பிரதி என் அம்மாவுக்கு வேண்டும். அந்தப் பெண் அட்டையோடு வந்து போனதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்